கேட் பாஸ் பேரில் ஒரு பத்திரம்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். நெய்வேலி டவுன்ஷிப்பில் ப்ரவுசிங் சென்டர் நடத்துகிறவளுக்கு அது வராமல் இருந்தால்தான் அதிசயம். கரண்ட் தயாரிக்கிற ஊர், அதனால் கரண்டுக்குக் குறையில்லை. ஆனால் சர்வர் என்று ஒன்று எங்கேயோ உட்கார்ந்துகொண்டு என் உயிரை வாங்கும். அது படுத்துகிற பாட்டையெல்லாம் எதிரில் உட்கார்ந்திருக்கிற ஆள்மேல் கொட்டிவிட்டுப் பிறகு வருத்தப்படுவது என் வழக்கம். செல்லக்கிளியக்காவிடமும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

எங்கள் ப்ளாக்கில் ரோடு கூட்டுகிற காண்ட்ராக்ட் வேலை செல்லக்கிளியக்காவுக்கு. ஐம்பத்தைந்து வயது இருக்கும். காலை ஆறு மணிக்குத் துடைப்பத்தோடு வந்து, எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போவார். அதற்கு மேல் எனக்கு அவரைத் தெரியாது. இருபது வருடமாகத் தண்ணீர் கொடுத்தும் தெரியாது என்றால் தப்பு யார்மேல் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

2019 ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அவர் என் கடைக்குள் வந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு, முந்தானையில் முடிந்திருந்த ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். சுரங்க விரிவாக்கத்துக்கு நிலம் எடுக்கிற நோட்டீஸ். அவர் குடியிருக்கிற கொல்லைமேட்டின் சர்வே எண் அதில் இருந்தது. நிலத்துச் சொந்தக்காரர்கள் அடுத்த வாரம் புதன்கிழமை விசாரணைக்குப் பத்திரத்தோடு வர வேண்டும். பத்திரம் காட்டினவர்களுக்கு மாற்று மனை உண்டு. காட்டாதவர்களுக்கு இல்லை.

"பத்திரம் இருக்கா அக்கா?"

"இருந்திச்சுங்கம்மா. ஏழெட்டு வருசம் முன்ன வந்த தானே பொயல்ல ஓடு பறந்து, பொட்டி நனைஞ்சு கூழாப் பூடிச்சு. இப்பல்லாம் கம்ப்யூட்டர்லயே பத்திர நகல் தராங்கன்னு எங்க தெருவுல சொன்னாங்க. எடுத்துக் குடுங்கம்மா. அந்த அஞ்சு சென்டு போயிட்டா நான் எங்க போவேன்?"

"வீட்டுக்காரர் பேரு?"

பழைய ரேஷன் கார்டைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்து விரலால் என் பக்கம் தள்ளினார். சாமிக்கண்ணு என்று இருந்தது. புருஷன் பேரை வாயால் சொல்ல மாட்டாராம். ஆள் போய் ஐந்து வருடம் ஆகியும் சொல்ல மாட்டார். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

பதிவுத்துறை தளத்தில் நேராகப் போய்ப் பத்திர நகல் கேட்க முடியாது. பத்திர எண்ணும் வருடமும் தெரிய வேண்டும். அது தெரியாதவர்கள் முதலில் கிராமத்தையும் சர்வே எண்ணையும் கொடுத்து வில்லங்கச் சான்று எடுக்க வேண்டும். அந்த இடத்தில் இதுவரை யார் யாருக்கு விற்றார்கள் என்று அதில் வரிசையாக வரும். என் பேரில் இருந்த கணக்கிலேயே நுழைந்தேன். சர்வர் இரண்டு தடவை என்னை வெளியே தள்ளியது. மூன்றாவது தடவை பட்டியல் வந்தது. மூன்று பக்கம், முப்பத்தேழு பதிவுகள். சாமிக்கண்ணு என்கிற பேரே இல்லை.

மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே, மறுபடியும் பார்த்தேன். இல்லை.

"எந்த வருஷம் வாங்கினீங்க?"

"ரெண்டாயிரத்து எட்டு. ஆடி கழிஞ்சு ஆவணியில. ரிஜிஸ்டர் ஆபீசுக்கு நானும் போனேன். நான் வெளிய புங்க மரத்தடியில ஒக்காந்திருந்தேன். அவுரு உள்ள போயி மை வெரலோட வந்தாரு. ரெண்டு பேரும் பரோட்டா தின்னோம்."

"பரோட்டா தின்னது கம்ப்யூட்டர்ல வராதுக்கா. உங்க வீட்டுக்காரர் பேர்ல பத்திரமே பதிவாகல. உங்களை வெளியில உட்கார வச்சிட்டு உள்ள என்ன பண்ணினாரோ, யாருக்குத் தெரியும்? உங்களை நல்லா ஏமாத்திட்டாரு."

சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். அந்த அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"அவுரு அப்பிடி இல்லீங்கம்மா" என்றார். ரேஷன் கார்டைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்குச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. பொதுத்துறைச் சுரங்கக் கம்பெனியில் பர்மனென்ட் ஊழியர் என் வீட்டுக்காரர். ரிட்டையர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும் என்கிற பயத்தில், எங்கள் சொந்த ஊர்ப் பக்கம் கோவில்பட்டியில் ஒரு மனை வாங்கி, பத்திரத்தை பேங்க் லாக்கரில் வைத்திருக்கிறோம். எனக்கே அந்தப் பயம் இருந்தால் இந்த அம்மாளுக்கு எப்படி இருக்கும்?

மறுநாள் காலை துடைப்பத்தோடு வந்தவரைக் கையைப் பிடித்துக் கடைக்கு அழைத்துப் போனேன். வாங்கினவர்கள் பேரை ஒவ்வொன்றாகப் படிக்கிறேன், தெரிந்த பேர் ஏதாவது வருகிறதா பாருங்கள் என்றேன். 2008-க்கு வந்தேன். ஐந்து பதிவு இருந்தது. மூன்றாவது, "மருதமுத்து, த/பெ பெரியசாமி."

"நிறுத்துங்கம்மா."

நிறுத்தினேன்.

"இது அவுருதாங்க."

"என்னக்கா சொல்றீங்க? பேரு வேற, அப்பா பேரும் வேற."

"இது அவுரு பாஸ் பேருங்க."

அப்புறம்தான் கதை வெளியே வந்தது. காடாம்புலியூரில் மருதமுத்து என்று ஒருவர் இருந்தார். மைன்ஸில் காண்ட்ராக்ட் வேலைக்கு உள்ளே விடுகிற கேட் பாஸ் அவர் பேரில் இருந்தது. 2000-ஆம் வருடம் பலா மரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்துவிட்டது. பாஸை விட்டால் மறுபடி கிடைக்காது, யாரையாவது அனுப்பு என்று காண்ட்ராக்டர் சொல்ல, அவர் சாமிக்கண்ணுவை அனுப்பினார். போட்டோவை மட்டும் மாற்றிக் கொடுத்தார்கள். பேர் அப்படியே நின்றுவிட்டது. அதற்கப்புறம் பதினாலு வருடம், சாகிற வரைக்கும், சாமிக்கண்ணு கேட்டுக்குள் மருதமுத்துவாகத்தான் இருந்தார். பள்ளிக்கூடம் போகாத மனுஷர். சம்பள ரிஜிஸ்டரில் போடுவதற்காக ஒரே ஒரு கையெழுத்துக் கற்றுக்கொண்டார். மருதமுத்து என்று அடுப்புக்கரியால் வீட்டுச் சுவரில் எழுதி எழுதிப் பழகினாராம். தன் பேரை எழுத அவருக்குக் கடைசி வரை தெரியாது.

"ஷிப்ட்டு முடிஞ்சு வந்தா, நான் கேலி பண்ணுவேன். யோவ் மருதமுத்து, சோறு ஆறுதுய்யான்னுவேன். அந்தப் பேருன்னா கூப்புடலாமுல்ல. அவுரு சிரிப்பாரு." சொல்லும்போதே செல்லக்கிளியக்கா சிரித்தார், உடனே வாயைப் பொத்திக்கொண்டார்.

"வேலைக்கு அந்தப் பேரு சரி. நிலத்தை எதுக்கு அந்தப் பேர்ல வாங்கினாரு, பைத்தியக்கார மனுஷன்?"

"அந்த வருசம் காண்ட்ராக்ட்டுக்காரங்களையெல்லாம் பர்மனென்ட் பண்ணப் போறாங்கன்னு பேச்சுங்க. நெலம் எடுத்தா, நெலம் குடுத்த பேருக்கு வேலன்னும் பேச்சு. பாஸ் ஒரு பேரு, பத்திரம் ஒரு பேரா இருந்தா எல்லாம் கெட்டுடும், ஒரே பேரா இருக்கணும்னு சொல்லிகினே இருந்தாரு. பதிஞ்சிட்டு வந்து, எல்லாம் ஒரே பேரா எழுதியாச்சுன்னாரு. எந்தப் பேருன்னு நான் கேக்கலீங்க. எனக்கு அவுரு ஒரு ஆளு தானே."

ஐயோ என்று தலையில் கை வைத்துக்கொண்டேன். வெளியூர்க்காரனுக்கு இது முட்டாள்தனமாகத் தெரியும். எங்கள் ஊரில் இருந்து பார்த்தால்தான் புரியும். பாஸ்தான் இங்கே ஆள். பாஸில் இருக்கிற பேருக்குத்தான் சம்பளம், பாஸில் இருக்கிற பேருக்குத்தான் பி.எஃப். அந்த மனுஷர் கணக்குப் போட்டது தப்பே இல்லை. பர்மனென்ட் வரவில்லை, அவ்வளவுதான்.

நகலுக்கு விண்ணப்பித்தேன். சார்பதிவாளர் அலுவலகம், பத்திர எண், வருடம், எல்லாம் போட்டு ஆன்லைனிலேயே கட்டணம் கட்டினேன். நகல் வந்தால் போதும் என்று நினைத்தேன். பத்திரத்தில் வாங்குகிறவர் போட்டோ ஒட்டியிருப்பார்கள். பேர் யாருடையதாக இருந்தாலும் முகம் சாமிக்கண்ணு முகம்தானே? அந்த முகத்தையும் பழைய ரேஷன் கார்டில் இருக்கிற அவர் போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் எந்த அதிகாரியும் கண்ணை மூடிக்கொள்ள முடியாது. அக்காவிடமும் அப்படியே அடித்துச் சொன்னேன்.

"மொகம் இருக்குமா அதுல?" என்று கேட்டார்.

"கட்டாயம் இருக்கும்."

புதன், வியாழன், வெள்ளி. வேலை முடிந்ததும் கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்துகொள்வார். விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது என்று மட்டும் திரையில் வரும். ஒவ்வொரு தடவை நான் பக்கத்தைத் திறக்கும்போதும் எழுந்து வந்து பின்னால் நிற்பார். எழுத்துத் தெரியாது, ஆனாலும் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு திரும்பப் போய் உட்காருவார்.

சனிக்கிழமை மத்தியானம் நகல் வந்தது. டவுன்லோட் செய்து பிரிண்ட் கொடுத்தேன். எட்டுப் பக்கம். கடைசியில் இருந்த போட்டோப் பக்கத்துக்காக இரண்டு பேரும் பிரிண்டர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

போட்டோ இருந்த இடத்தில் சதுரமாக ஒரு கருப்பு. அந்தக் காலத்து ஸ்கேனில் போட்டோ முழுக்க மையாகப் படிந்துவிட்டிருந்தது. காது எது, கண் எது என்று ஒன்றும் தெரியவில்லை. திரையில் பெரிதாக்கினேன். கருப்பு பெரிதாகியது. வெளிச்சத்தைக் கூட்டினேன், சாம்பலாகியது. என்னால் முடிந்த அத்தனையும் செய்து பார்த்தேன்.

அந்தக் கருப்புக்குக் கீழே ஒரு கைரேகை. அதற்குக் கீழே கோணலாக ஒரு கையெழுத்து: மருதமுத்து.

செல்லக்கிளியக்கா அந்தக் கையெழுத்தின்மேல் விரலை வைத்தார். "இந்த ம அவுரு போடறதுதான். வயிறு பெருசா போடுவாரு. செவுத்துலயும் இப்பிடித்தான் இருந்திச்சு."

"சுவர் இருக்கா?"

"அது அப்ப குடியிருந்த பழைய வூடுங்க. அதுவும் பொயல்ல விழுந்திடுச்சு."

அப்புறம் அவர் அழுதார். பெஞ்சில் உட்கார்ந்து, நகலை மடியில் வைத்துக்கொண்டு, நனைந்துவிடக்கூடாது என்று முகத்தை மட்டும் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு அழுதார். என்னால் பார்க்க முடியவில்லை.

இங்கேதான் நான் ஒரு காரியம் செய்தேன். நல்லது என்று நினைத்துத்தான் செய்தேன். நிஜமான மருதமுத்து உயிரோடு இருந்தால், இது என் நிலம் இல்லை, சாமிக்கண்ணு வாங்கினது என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால் போதும் அல்லவா? ஞாயிற்றுக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு அக்காவையும் அழைத்துக்கொண்டு பண்ருட்டி பஸ் ஏறிவிட்டேன். காடாம்புலியூரில் இறங்கியதும் பலாப்பழ வாசனை ஆளைத் தூக்கியது. விசாரித்துப் போனால், மருதமுத்து இறந்து மூன்று வருடம். வீட்டில் அவர் மனைவி புஷ்பவல்லி இருந்தார். முந்திரி உடைத்து உடைத்து அந்த அம்மாளின் விரலெல்லாம் எண்ணெய் ஏறிக் கருத்து, தோல் உரிந்திருந்தது. எங்களைப் பாயில் உட்காரச் சொன்னார்.

நான்தான் பேசினேன். எல்லாவற்றையும் சொன்னேன். நகலின் ஜெராக்ஸ் ஒன்றை அவர் கையில் கொடுத்து, "நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா இவங்க பொழச்சுக்குவாங்கம்மா" என்றேன்.

புஷ்பவல்லி காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்க வூட்டுக்காரரு பேரு இருக்குதா இதுல?"

"பேரு இருக்கு. ஆனா—"

"எங்க மாமனாரு பேரும் இருக்குதா?"

"இருக்கு."

"அவுரு இடுப்பு ஒடஞ்சு பதினாறு வருசம் படுத்த படுக்கையா கெடந்தாரு. அவுரு பேரு மட்டும் டெய்லி மைன்ஸுக்குப் போயி சம்பாரிச்சிகினு இருந்திச்சு. மொத ரெண்டு பொங்கலுக்கு இவங்க வூட்டுக்காரரு கரும்பு கொண்டாந்து குடுத்தாரு. அப்புறம் எட்டிப் பாக்கல. அந்தப் பேருல நெலம்கூட வாங்கியிருக்காரு, நான் இப்பத்தான் கேள்விப்படறேன்." செல்லக்கிளியக்காவைப் பார்த்தார். "பேரு எங்களுது. இத்தினி வருசத்துல எங்களுக்கு இன்னா கெடச்சுது, சொல்லு."

செல்லக்கிளியக்கா தலையைக் குனிந்துகொண்டார். கையெழுத்து கிடைக்கவில்லை, ஜெராக்ஸும் திரும்பி வரவில்லை. பஸ்ஸில் பாதி வழி வந்தபிறகுதான் எனக்கே உறைத்தது, இவ்வளவு நாள் யாருக்கும் தெரியாமல் கிடந்த பத்திரத்தை நானே கொண்டுபோய் அந்த அம்மாள் கையில் கொடுத்துவிட்டேன் என்று. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அக்கா ஒரு வார்த்தை என்னைக் குற்றம் சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார்.

திங்களும் செவ்வாயும் அவருக்குப் பாடம் நடத்தினேன். விசாரணையில் புருஷன் பேர் கேட்டால் மருதமுத்து என்று சொல்லுங்கள். அந்தப் பேரைத்தான் உங்களால் சொல்ல முடியுமே. ரேஷன் கார்டில் வேறு பேர் இருக்கிறதே என்றால், வீட்டில் கூப்பிடுகிற பேர் அது, இரண்டும் ஒரே ஆள்தான் என்று சொல்லுங்கள். ஒரே ஆள் என்று பிறகு சான்று வாங்கிக்கொள்ளலாம். பொய்யும் இல்லை, உங்களுக்கு அவர் ஒரே ஆள்தானே? எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

"இந்த எடம் போச்சுன்னா, ரோட்டுல கூட்டற குப்பையோட என்னையும் சேத்து அள்ளிக்க வேண்டியதுதாங்கம்மா" என்று மட்டும் சொன்னார்.

புதன்கிழமை ஊராட்சி அலுவலகத்தில் கூட்டம் நெரிந்தது. நிலம் எடுக்கிற வேலைக்கென்று போட்ட தனி தாசில்தார் நடுவில் உட்கார்ந்திருந்தார். பொறுமையான மனுஷர், குறை சொல்ல முடியாது. பத்திரப்படி ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு அந்தப் பேர் வந்தது.

"மருதமுத்து, த/பெ பெரியசாமி. அவங்க சார்பா யாரு வந்திருக்கீங்க?"

இரண்டு பெண்கள் எழுந்தார்கள்.

புஷ்பவல்லி பின் வரிசையில் இருந்ததை நான் அப்போதுதான் பார்த்தேன். நேராக வந்து மேசையில் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் என் கடை ஜெராக்ஸும் வைத்தார்.

தாசில்தார் செல்லக்கிளியக்காவைப் பார்த்தார். "நீங்க யாரும்மா?"

"நான் அந்த எடத்துல குடியிருக்கேங்க. பதினோரு வருசமா. வரி ரசீது, கரண்ட் கார்டு எல்லாம் இருக்குதுங்க."

"அதெல்லாம் குடியிருப்புக்குத்தான்மா. மனை நிலத்துக்காரருக்கு. உங்க வீட்டுக்காரர் பேரு?"

அக்கா ரேஷன் கார்டை எடுத்தார். பாதியில் கையை நிறுத்திக்கொண்டார்.

"வாயால சொல்லணும்மா, பதிவு பண்ணணும்."

மருதமுத்து என்று சொல் அக்கா, சொல்லித் தொலை என்று என் மனசு அடித்துக்கொண்டது. அவர் புஷ்பவல்லியின் கருத்த விரல்களைப் பார்த்தார். அப்புறம் மேசைமேல் இருந்த நகலைப் பார்த்தார்.

"சாமிக்கண்ணு" என்றார்.

காதில் விழுந்ததா இல்லையா என்று தெரியாத குரல். தாசில்தார் நிமிர்ந்தார்.

"சாமிக்கண்ணுங்க!" கூடமே திரும்பிப் பார்த்தது. "எழுதிக்கோங்க. கொளஞ்சி மவன் சாமிக்கண்ணு. மைன்ஸுல பதினாலு வருசம் வேல செஞ்சது சாமிக்கண்ணு. இந்த எடத்தை வாங்கினதும் சாமிக்கண்ணு. மருதமுத்து இந்தம்மா வூட்டுக்காரரு. பேருதான் அவுருது. மத்தது அத்தினியும் என் புருசனோடது!"

எழுதிக்கொண்டார்கள். படித்துக் காட்டினார்கள். கைரேகை வாங்கினார்கள். பத்திரத்தில் உள்ள மருதமுத்து என்பவர் புஷ்பவல்லியின் கணவர் என்று செல்லக்கிளியே ஒப்புக்கொண்டதாக அதில் இருந்தது. உரிமை கோருகிறவர் சிவில் கோர்ட்டுக்குப் போகலாம், தீர்ப்பு வரும்வரை மனை யாருக்கும் இல்லை என்று தாசில்தார் சொன்னார். தீர்ப்பு வருவதற்குள் அந்த வீடு இருந்த இடம் சுரங்கத்துக்குள் போயிருக்கும் என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

வெளியே வந்ததும் நான் வெடித்தேன். "ஏன்க்கா இப்படிப் பண்ணீங்க? ஒரே ஒரு வார்த்தை! ஐயோ, ஒரே ஒரு வார்த்தை அக்கா!"

"சொல்லலாம்னுதாங்கம்மா எழுந்தேன்." "சம்பள ரிஜிஸ்டருல அவுரு பேரு இல்ல. பத்திரத்துல இல்ல. மொகமும் கருப்பாப் பூடிச்சு. அவுரு பேரைச் சொல்லிக் கூப்புட அங்க ஒரு ஆளு இல்ல. வூட்டுக்கு வந்தா நானும் சொல்லல. நானும் மருதமுத்துன்னுதான கூப்புட்டேன்? இப்பவும் அதையே சொன்னா, அப்பிடி ஒரு மனுசன் இருந்ததே இல்லன்னு ஆயிடாதுங்களா?"

அவர் பையை வாங்கி என் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன்.

ஆகஸ்ட்டில் கொல்லைமேட்டைக் காலி செய்தார்கள். செல்லக்கிளியக்கா இப்போது குள்ளஞ்சாவடியில் தங்கை மாணிக்கம்மாள் வீட்டின் பின்பக்கம் ஒரு தகரக் கொட்டகையில் இருக்கிறார். விடியற்காலை பஸ் பிடித்து ரோடு கூட்ட வருகிறார். ஒருநாள் வேலை முடிந்து கடைக்கு வந்தார்.

"யம்மா, அன்னிக்கு விசாரணையில நான் சொன்னதை எழுதினாங்களே, அதுக்கு நகல் எடுக்க முடியுங்களா?"

"அது உங்களுக்கு எதிரா இருக்கிற காகிதம் அக்கா."

"இருக்கட்டும். அவுரு செஞ்சதெல்லாம் அவுரு பேருல அது ஒண்ணுலதான இருக்குது."

அது ஆன்லைனில் கிடைக்காது. மனுதான் போட வேண்டும். கீபோர்டை இழுத்து வைத்துக்கொண்டு டைப் அடிக்க ஆரம்பித்தேன். மனுதாரர், செல்லக்கிளி. அடுத்து கணவர் பெயர். ரேஷன் கார்டுக்காகப் பழக்கத்தில் கையை நீட்டினேன்.

அவர் பையைத் தொடவே இல்லை.

"சாமிக்கண்ணு" என்றார். "அடிங்கம்மா. சாமிக்கண்ணு."